இனி ஒரு ஏப்ரல் 9 வேண்டாம்: நார்வேயின் எல்லைக் கதை

1949ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதி நார்வே அரசு தன் ராணுவ அதிகாரிகளுக்கு ஒரு நிரந்தர உத்தரவு பிறப்பித்தது. ராணுவ அலுவலகங்களில் அது சுவரில் மாட்டப்பட்டதால் 'சுவரில் உள்ள அறிவிப்பு' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. அதன் சாரம் இதுதான். நாட்டின் மீது தாக்குதல் நடந்தால் மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே படையைத் திரட்டிப் போரிட வேண்டும். நிலைமை கைமீறிப் போய்விட்டது போலத் தோன்றினாலும் போரிட வேண்டும். ஊர்களைக் குண்டு வீசி அழித்துவிடுவோம் என்று எதிரி மிரட்டினாலும் சரணடையக் கூடாது. படை திரட்டுவதை நிறுத்தும்படி அரசின் பெயரால் உத்தரவு வந்தால், அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசி வரியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். என் பெயரில் இப்படி ஓர் உத்தரவு வந்தால் நம்பாதே என்று ஓர் அரசாங்கமே தன் ராணுவத்துக்கு முன்கூட்டி எழுதிக் கொடுக்கிறது! உலகத்தில் எந்த நாட்டு அரசும் சாதாரணமாக இப்படி எழுதாது. எழுதும்படி ஆனதற்குக் காரணம், அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரே ஒரு நாள்.

1940 ஏப்ரல் 9.

அப்போது நார்வேயின் மக்கள் தொகை சுமார் 30 லட்சம். முதல் உலகப் போரில் நடுநிலை வகித்துத் தப்பித்த நாடு அது. இரண்டாவது முறையும் அதே வழி கைகொடுக்கும் என்று நம்பியது. ஆனால் ஸ்வீடன் நாட்டு இரும்புத் தாது குளிர்காலத்தில் நார்விக் துறைமுகம் வழியாகத்தான் ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்தது. பிரிட்டனுக்கு அதை நிறுத்த வேண்டும், ஜெர்மனிக்கு அதைக் காப்பாற்ற வேண்டும். ஏப்ரல் 8ஆம் தேதி பிரிட்டிஷ் கப்பல்கள் நார்வேயின் கடற்பரப்பில் கண்ணிவெடிகளை இட்டன. நார்வே அரசு அதற்குக் கண்டனம் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் ஜெர்மன் கப்பல்கள் வடக்கே வந்துகொண்டிருந்தன.

மறுநாள் விடியற்காலையில் பெர்கன், டிரான்ஹைம், கிறிஸ்டியான்சான், நார்விக் என்று ஒன்றுக்கொன்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் துறைமுகங்களில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஜெர்மானியர் இறங்கினார்கள். தலைநகர் ஓஸ்லோவில் அமைச்சரவை இரவெல்லாம் கூடியிருந்தது. கடைசியில் படையைத் திரட்டுவது என்று முடிவு செய்தது. எப்படி? ஒரு பகுதிப் படைக்கு மட்டும், அதுவும் தபாலில் கடிதம் அனுப்பி! எதிரி துறைமுகத்தில் இறங்கிவிட்டான், வீரர்களுக்கு ஆணை தபால்காரர் கையில் வருகிறது. பிற்காலத்து நார்வே மக்கள் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிச் சொல்லியே வெட்கப்பட்டார்கள்.

ஆனால் அன்றைக்கு ஒரு கிழவர் ஆணைக்குக் காத்திருக்கவில்லை. ஓஸ்லோவுக்குப் போகும் கடல்வழியில் ஆஸ்கர்ஸ்போர்க் என்று ஒரு பழைய கோட்டை இருக்கிறது. அதன் தளபதி பிர்கர் எரிக்சன், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். கோட்டையின் பெரிய பீரங்கிகள் 1890களில் ஜெர்மனியின் க்ருப் ஆலையில் செய்தவை. இருட்டில் வந்துகொண்டிருந்த கப்பல் யாருடையது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியாது. சுடலாமா என்று சொல்ல மேலிடத்திலிருந்து தெளிவான உத்தரவும் இல்லை. தன் பொறுப்பில் சுடச் சொன்னார். பீரங்கிக் குண்டுகளும், தொடர்ந்து வந்த டார்பிடோக்களும் புத்தம் புதிய ஜெர்மன் போர்க்கப்பலான ப்ளூஷரை மூழ்கடித்தன. தலைநகரைப் பிடிக்க வந்த படையின் ஒரு முக்கியப் பகுதி அதில்தான் இருந்தது. ஓஸ்லோ அன்று விழுந்தது உண்மைதான். ஆனால் கிடைத்த சில மணி நேரத்தில் அரசர் ஏழாம் ஹாக்கோன், அமைச்சர்கள், நாடாளுமன்றம், மத்திய வங்கியின் தங்கம் எல்லாம் நகரை விட்டு வெளியேறிவிட்டன.

வடக்கே நார்விக்கில் இதற்கு நேர் எதிராக நடந்தது. அங்கிருந்த தளபதி ஊரை அப்படியே ஜெர்மானியரிடம் ஒப்படைத்தார். அன்று மாலை ஓஸ்லோ வானொலியில் விட்குன் க்விஸ்லிங் பேசினார். தானே இனி பிரதமர் என்றார், படை திரட்டுவதை நிறுத்தச் சொன்னார். துரோகி என்பதற்கு ஆங்கிலத்தில் இவர் பெயரே ஒரு சொல்லாகிவிட்டது பலருக்கும் தெரிந்திருக்கும்.

இப்போது அந்தச் சுவர் அறிவிப்புக்குத் திரும்பினால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஓர் ஆள் நிற்பது தெரியும். உத்தரவுக்குக் காத்திருக்காதே என்ற வரியில் எரிக்சன். ஊரை ஒப்படைக்காதே என்ற வரியில் நார்விக் தளபதி. பொய் உத்தரவை நம்பாதே என்ற வரியில் வானொலிக்கு முன்னால் க்விஸ்லிங். தேதியிலும் ஒரு பொருத்தம் இருக்கிறது. நார்வே மண்ணில் போரிட்ட கடைசிப் படைகள் ஆயுதத்தைக் கீழே வைத்தது 1940 ஜூன் 10. அறிவிப்பு வந்தது 1949 ஜூன் 10.

ஐந்து ஆண்டு ஆக்கிரமிப்பின் முழுக் கதை இங்கே வேண்டாம். முடிவை மட்டும் பார்த்தால் போதும். 1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தபோது இந்தச் சிறிய நாட்டில் மூன்றரை லட்சத்துக்கு மேல் ஜெர்மன் வீரர்கள் இருந்தார்கள். ஏறக்குறைய ஒன்பது நார்வே மக்களுக்கு ஒரு ஜெர்மன் வீரர்.

வடகோடியில் கதை வேறு. ஃபின்மார்க் என்பது நார்வேயின் தலைப்பகுதி. துருவ வட்டத்துக்கு வெகு வடக்கே, மீனவர்களும் சாமி இனத்தவரும் ஃபின்னிஷ் வழி வந்த குவென் மக்களும் வாழும் வெட்டவெளி. (1980களில் இலங்கையிலிருந்து போன தமிழர்கள் பலர் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்ததும் இந்தக் கடற்கரை ஊர்களில்தான்.) 1944 அக்டோபரில் சோவியத் செஞ்சேனை எல்லையைத் தாண்டி வந்து அக்டோபர் 25ஆம் தேதி கிர்கெனெஸ் ஊரை விடுவித்தது. ஊர் என்று சொல்ல அங்கே பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. ஆயிரக்கணக்கானோர் பக்கத்திலிருந்த ப்யோர்னெவாட்ன் இரும்புச் சுரங்கத்தின் குகைப்பாதைக்குள் ஒளிந்திருந்தார்கள். அங்கேயே குழந்தைகளும் பிறந்தன. பின்வாங்கிய ஜெர்மானியர் ஹிட்லரின் உத்தரவுப்படி ஃபின்மார்க்கையும் அதை அடுத்த டிராம்ஸ் வட்டாரத்தின் வடபகுதியையும் கொளுத்திக்கொண்டே போனார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. சுமார் 50,000 பேர் வலுக்கட்டாயமாகத் தெற்கே ஏற்றி அனுப்பப்பட்டார்கள். போக மறுத்த ஆயிரக்கணக்கானவர்கள் பனிக்காலத்தைக் குகைகளிலும், கவிழ்த்துப் போட்ட படகுகளுக்கு அடியிலும் கழித்தார்கள்.

செஞ்சேனை 1945 செப்டம்பரில் தானாகவே வெளியேறியது. கிழக்கு ஐரோப்பாவில் நடந்ததை எண்ணிப் பார்த்தால் இது சின்ன விஷயமே அல்ல. ஆனால் போன பிறகு வரைபடம் மாறியிருந்தது. போருக்கு முன் பெட்சாமோ பகுதி ஃபின்லாந்திடம் இருந்ததால் நார்வேக்கும் சோவியத்துக்கும் நேர் எல்லை கிடையாது. 1944இல் பெட்சாமோ சோவியத் கைக்குப் போனது. ஜெர்மனியிடமிருந்து விடுபட்ட நார்வேக்கு இப்போது 196 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வல்லரசு பக்கத்து வீடாக வந்துவிட்டது.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்க ஆரம்பித்ததும் சீக்கிரமே. 1944 நவம்பரில் மாஸ்கோ போயிருந்த நார்வே வெளியுறவு அமைச்சர் டிரிக்வே லீயிடம் மொலோடோவ் ஒரு கோரிக்கை வைத்தார். ஸ்வால்பார்ட் தீவுகளை இரு நாடுகளும் சேர்ந்து ஆள வேண்டும், கரடித் தீவைச் சோவியத்துக்கே கொடுத்துவிட வேண்டும். ஃபின்மார்க்கில் சோவியத் படை நின்றுகொண்டிருந்த நேரம் அது. நார்வே உடனே முடியாது என்று சொல்லவில்லை, பேசலாம் என்று இழுத்தது. சோவியத் படை போய், காலமும் கொஞ்சம் மாறிய பிறகு, 1947 பிப்ரவரியில் நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. இழுத்தடிப்பதும் சில சமயம் பாதுகாப்புக் கொள்கைதான்!

போருக்குப் பிந்தைய நார்வேயை வழிநடத்தியவர்கள் யார் என்று பார்ப்பது முக்கியம். பிரதமர் ஐனார் கெர்ஹார்ட்சனும், லீ ஐ.நா.வின் முதல் பொதுச்செயலாளராகப் போன பின் வெளியுறவு அமைச்சரான ஹால்வார்ட் லாங்கேயும் ஜெர்மனியின் சாக்சன்ஹவுசன் முகாமில் கைதிகளாக இருந்தவர்கள். பாதுகாப்பு அமைச்சர் யென்ஸ் கிறிஸ்டியன் ஹௌகே தலைமறைவு எதிர்ப்புப் படையின் தலைவராக இருந்தவர். பதவியேற்றபோது அவருக்கு வயது 30. இவர்களுக்கு ஆக்கிரமிப்பு என்பது புத்தகத்தில் படித்த விஷயம் அல்ல. 'இனி ஒரு ஏப்ரல் 9 வேண்டாம்' என்பது அந்தத் தலைமுறையின் மந்திரமாகவே ஆகிவிட்டது.

முதலில் செய்தது உள்வீட்டு வேலை. கட்டாய ராணுவப் பயிற்சி மீண்டும் வந்தது. 1946 டிசம்பரில் 'ஹெய்மெவார்ன்' என்ற ஊர்க்காவல் படை தொடங்கப்பட்டது. நம்மூர் ஊர்க்காவல் படையைப் போல இதை நினைத்துவிடக் கூடாது. பயிற்சி முடித்தவர்கள் தங்கள் ஊரிலேயே இருந்தபடி பாலத்தையும் துறைமுகத்தையும் காப்பதற்கான படை அது. பல பத்தாண்டுகளுக்கு அவர்கள் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருந்தார்கள். தபாலில் ஆணை வரும் கூத்து இனி நடக்காது. 1947 முதல் 1953 வரை ஜெர்மனியில் பிரிட்டிஷ் பகுதியில் சுமார் 4,000 பேர் கொண்ட நார்வே படை முறை வைத்துக் காவல் இருந்தது. நேற்று வரை ஆக்கிரமிக்கப்பட்டவர்கள் இன்று ஆக்கிரமித்தவன் மண்ணில் காவல்! கௌரவம் ஒரு பக்கம் இருக்க, ஒரு தலைமுறை இளைஞர்களுக்கு அது பெரிய பயிற்சிக் களமாக இருந்தது.

வெளியுறவில் முதல் மூன்று ஆண்டுகள் 'பாலம் கட்டுதல்' என்ற பேச்சு ஓடியது. அதாவது கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவில் இரு பக்கமும் நல்ல பெயர் எடுப்பது. 1948 அந்தப் பாலத்தை உடைத்தது. பிப்ரவரியில் செக்கோஸ்லோவாகியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தார்கள். அதே சமயம் ஸ்டாலின் ஃபின்லாந்துக்கு ஒரு கடிதம் எழுதி நட்பு உடன்படிக்கை கேட்டார், ஏப்ரலில் அது கையெழுத்தானது. அடுத்த கடிதம் ஓஸ்லோவுக்குத்தான் என்று வதந்தி பரவியது. மறுக்கப்போகிறோம், அப்புறம் தாக்கினால் உதவி வருமா என்று லாங்கே லண்டனையும் வாஷிங்டனையும் விசாரித்தார்.

அந்த ஆண்டும் அடுத்த ஜனவரியும் ஸ்வீடன், டென்மார்க், நார்வே மூன்றும் சேர்ந்து ஒரு ஸ்காண்டிநேவியப் பாதுகாப்புக் கூட்டணி அமைக்கப் பேசின. ஸ்வீடன் சொன்ன நிபந்தனை, மேற்கு நாடுகளோடு ஒட்டு உறவு கூடாது என்பது. போரில் ஆக்கிரமிக்கப்படாத நாடு ஸ்வீடன், நடுநிலை அதற்குப் பலித்திருந்தது. நார்வேக்குப் பலிக்கவில்லை. ஒரே அடுக்களையில் பிறந்தவர்கள் போல இருக்கும் இரண்டு நாடுகளும் இந்த இடத்தில் பிரிந்ததற்குக் காரணம் அந்த ஐந்து வருட அனுபவ வித்தியாசம்தான் என்று சொன்னால் மிகையில்லை. நார்வேக்கு இன்னொரு கசப்பும் நினைவிருந்தது. 1940 மே 28இல் நார்வே, பிரெஞ்சு, போலந்து, பிரிட்டிஷ் படைகள் சேர்ந்து நார்விக்கை ஜெர்மானியரிடமிருந்து மீட்டன. சில நாளிலேயே பிரான்ஸ் வீழும் நிலை வர, நேச நாடுகள் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டன. முன்னேற்பாடு இல்லாமல் வரும் உதவி வந்த வேகத்திலேயே போய்விடும். ஆகவே உதவியை அமைதிக் காலத்திலேயே பேசி முடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் எடுத்த முடிவு.

1949 ஜனவரி 29ஆம் தேதி சோவியத்திலிருந்து ஒரு குறிப்பு வந்தது. அட்லாண்டிக் ஒப்பந்தத்தில் சேரப் போகிறீர்களா, எங்கள் எல்லையை ஒட்டி அந்நியத் தளங்கள் அமைக்க இடம் கொடுப்பீர்களா என்று கேட்டது. மூன்றே நாளில், பிப்ரவரி 1ஆம் தேதி, நார்வே பதில் சொன்னது. இந்தப் பதில்தான் இந்தக் கதையின் மையம். நார்வே தாக்கப்படாத வரை, தாக்கப்படும் அச்சுறுத்தலுக்கு ஆளாகாத வரை, அந்நியப் படைகளுக்குத் தன் மண்ணில் தளம் திறந்துவிடும் எந்த ஒப்பந்தத்திலும் சேராது. சோவியத் உடனே, அப்படியானால் எங்களோடு ஓர் ஆக்கிரமிப்பின்மை ஒப்பந்தம் போடலாமே என்றது. நன்றி, வேண்டாம் என்று நார்வே மறுத்தது. மார்ச் 29இல் நாடாளுமன்றம் 130க்கு 13 என்ற வாக்கில் நேட்டோவை ஏற்றது. ஏப்ரல் 4ஆம் தேதி வாஷிங்டனில் லாங்கே கையெழுத்திட்டார்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு பயந்தாங்கொள்ளிச் சமரசம் போலத் தெரியும். கூட்டணியிலும் சேருவேன், படையையும் உள்ளே விடமாட்டேன் என்பது என்ன நியாயம்? ஆனால் அந்த வாக்கியத்தை ஊன்றிப் பார்த்தால் அதன் பூட்டும் சாவியும் நார்வே கையிலேயே இருப்பது புரியும். அச்சுறுத்தல் வந்துவிட்டதா இல்லையா என்று தீர்மானிப்பது யார்? நார்வேதான். அதாவது, நீ ஒழுங்காக இருக்கும் வரை கதவு பூட்டியிருக்கும், நீ மிரட்டினால் நானே திறந்துவிடுவேன் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டது. வாக்குறுதியும் எச்சரிக்கையும் ஒரே வாக்கியத்தில். நார்வேயின் சாமர்த்தியம் நேட்டோவில் சேர்ந்ததில் இல்லை, பன்னிரண்டு நாடுகள் அன்று சேர்ந்தன. இந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது.

அதன்பிறகு கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கிழக்குத் தீர்க்கரேகை 24 பாகைக்குக் கிழக்கே நேச நாட்டுப் போர் விமானங்கள் பறக்கக் கூடாது. ஃபின்மார்க்கில் நேச நாடுகளின் பெரிய போர்ப்பயிற்சி கூடாது. 1957 டிசம்பரில் பாரிசில் நடந்த நேட்டோ மாநாட்டில், நார்வே மண்ணில் அணு ஆயுதக் கிடங்கோ ஏவுகணைத் தளமோ வைக்கும் எண்ணம் இல்லை என்று கெர்ஹார்ட்சன் எல்லோர் முன்னும் அறிவித்தார். அதே 1957 டிசம்பரில் எல்லை நதியான பாஸ்விக்கின் நீர்மின்சாரத்தைப் பங்கிட்டுக்கொள்ள நார்வேயும் சோவியத்தும் ஒப்பந்தம் செய்தன. இன்று அந்த நதியில் ஏழு மின்நிலையங்கள். ஐந்து ரஷ்யாவுடையவை, இரண்டு நார்வேயுடையவை. பனிப்போரின் நடுவில், நேட்டோ எல்லைக்கோட்டின் மீதே!

எல்லை நிர்வாகமும் இதே குணத்தோடு அமைந்தது. 1949 டிசம்பரில் இரு நாடுகளும் எல்லை ஒழுங்கு ஒப்பந்தம் செய்து, இரு பக்கமும் எல்லை ஆணையர்களை நியமித்தன. வழி தவறித் தாண்டிய கலைமான், மிதந்து போன மரக்கட்டை, அந்தப் பக்கம் ஒதுங்கிய படகு என்று சில்லறை விவகாரங்களை மாஸ்கோவுக்கும் ஓஸ்லோவுக்கும் போகவிடாமல் அங்கேயே பேசித் தீர்ப்பது அவர்கள் வேலை. நார்வே சட்டப்படி எல்லைக்கு அப்பால் கல் எறிவதும், அந்தப் பக்கத்துக் காவலர்களோடு பேச்சுக் கொடுப்பதும் குற்றம். சின்னத் தகராறுதான் பெரிய சண்டைக்குச் சாக்காகும் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

இவ்வளவு பாராட்டிய பிறகு மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலாவது, பூட்டிய கதவில் சில துவாரங்கள் இருந்தன. அந்நியப் படை இல்லையே தவிர, வட நார்வேயின் ஒட்டுக்கேட்கும் நிலையங்கள் பல அமெரிக்கப் பணத்தில் நடந்தன. வேலை செய்தவர்கள் மட்டும் நார்வேக்காரர்கள். 1960 மே 1ஆம் தேதி சோவியத் சுட்டு வீழ்த்திய அமெரிக்க யு-2 உளவு விமானம் பாகிஸ்தானின் பெஷாவரிலிருந்து கிளம்பி நார்வேயின் போடோவில் இறங்க இருந்தது. நார்வே அரசு அமெரிக்காவிடம் எதிர்ப்புத் தெரிவித்தது. தன் கைக்கட்டுப்பாடு தன் வீட்டுக்குள்ளேயே எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்ற சங்கடமான கேள்வி அப்போது எழுந்தது.

இரண்டாவது, ஃபின்மார்க் மக்கள். போர் வந்தால் நார்வே ராணுவம் முக்கியமாக எதிர்த்து நிற்கத் திட்டமிட்டிருந்த இடம் டிராம்ஸ் வட்டாரத்தின் லிங்கன் ஃபியோர்டு பகுதி. கிர்கெனெஸ் அதற்குப் பல நூறு கிலோமீட்டர் கிழக்கே, கோட்டுக்கு வெளியே. அங்கே இருந்தது சில நூறு பேர் கொண்ட காவல் படை. எதிரியைத் தாமதப்படுத்தலாம், தடுக்க முடியாது. 1944இல் வீட்டைப் பறிகொடுத்து, சாம்பலிலிருந்து மறுபடி கட்டிக்கொண்டு வந்த அதே மக்கள்தான் அடுத்த போரிலும் முதலில் கைவிடப்படுபவர்கள்.

அது போதாதென்று சந்தேகமும் அவர்கள் மேல் விழுந்தது. கீபெர்க் என்ற மீனவ ஊரிலிருந்து பலர் 1940இல் சோவியத்துக்குத் தப்பிப் போனார்கள். பயிற்சி பெற்றுத் திரும்பி, கடலோரப் பாறை இடுக்குகளில் மாதக்கணக்கில் ஒளிந்து, ஜெர்மன் கப்பல்களின் நடமாட்டத்தை ரேடியோவில் மூர்மான்ஸ்க்குக்குச் சொன்னார்கள். அகப்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். போர் முடிந்தபோது இவர்கள் வீரர்களாகக் கொண்டாடப்பட்டிருக்க வேண்டும். ஓஸ்லோவில் ஒளிந்திருந்து லண்டனுக்குச் செய்தி அனுப்பியவர்களுக்குப் பதக்கம் கிடைத்தது. மூர்மான்ஸ்க்குக்கு அனுப்பியவர்களைப் பாதுகாப்புப் போலீஸ் பல ஆண்டுகள் கண்காணித்தது. கம்யூனிஸ்டுகள், சோவியத் ஒற்றர்களாக இருக்கலாம் என்ற ஐயம். செய்தது ஒரே வேலை, ஆனால் செய்தி போன திசை பிற்காலத்தில் தப்பாகிவிட்டது. 1992இல் அரசர் ஐந்தாம் ஹரால்ட் கீபெர்க் வந்து நினைவுச் சின்னத்தைத் திறந்து வைத்தபோதுதான் அவர்களுக்கு இழைத்த அநீதிக்கு வருத்தம் தெரிவிக்கப்பட்டது. அதற்குள் பலர் இறந்துவிட்டிருந்தார்கள். போருக்குப் பிந்தைய காலத்தில் இடதுசாரிகள் மீது நடந்த சட்டவிரோதக் கண்காணிப்பை நாடாளுமன்றம் அமைத்த லுண்ட் ஆணையம் 1996இல் பகிரங்கமாக்கியது. வெளிப் பகைவனிடம் அத்தனை நிதானம் காட்டிய அரசு, எல்லையில் வாழ்ந்த சொந்த மக்களிடம் அதில் பாதியைக்கூடக் காட்டவில்லை.

கொள்கைக்குப் பெரிய சோதனை 1968 ஜூனில் வந்தது. வட நார்வேயில் நேட்டோ பயிற்சி நடந்துகொண்டிருந்த சமயம். ஒரு மாலையில் எல்லையின் மறுபுறம் டாங்கிகளும் கவச வாகனங்களும் பெருந்திரளாக வந்து நின்று, பீரங்கி வாய்களை நார்வேயின் காவல் கோபுரங்களை நோக்கித் திருப்பின. கோபுரங்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் இருபது வயதுகூட நிரம்பாத கட்டாயப் பயிற்சி இளைஞர்கள். சில நாட்கள் இந்த நிலை நீடித்தது. சுவர் அறிவிப்பின்படி தாக்குதல் வந்தால் போரிட வேண்டும். ஆனால் எல்லைக்கோட்டை யாரும் தாண்டவில்லையே! எண்ணிக் குறித்துக்கொண்டு, அசையாமல் இருந்தார்கள். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. பிறகு சோவியத் படை திரும்பிப் போனது. பொதுமக்களுக்கு இதன் முழு விவரம் தெரிய வெகுகாலம் ஆனது. அதே ஆகஸ்டில் பிராக் நகருக்குள் டாங்கிகள் புகுந்தபோது, ஜூனில் கோபுரத்தில் நின்றவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும்!

சோவியத் உடைந்த பிறகு வந்த இருபது வருடங்களை வேகமாகக் கடந்துவிடலாம். ராணுவம் சுருங்கியது. 2010இல் நாற்பது ஆண்டுப் பேச்சுக்குப் பின் பேரன்ட்ஸ் கடல் எல்லை ஒப்பந்தம் மூர்மான்ஸ்க்கில் கையெழுத்தானது. சுமார் 1,75,000 சதுர கிலோமீட்டர் கடல் பங்கிடப்பட்டது. 2012 முதல் எல்லையோர மக்கள் விசா இல்லாமல் போய்வர அனுமதி கிடைத்தது. 2015இல் ஸ்டோர்ஸ்கோக் எல்லைச் சாவடியில் ஒரு வினோதம் நடந்தது. நடந்து தாண்டக் கூடாது என்ற விதி இருந்ததால், புகலிடம் தேடி வந்த சுமார் 5,500 பேர் சைக்கிளில் தாண்டினார்கள். டாங்கிகளுக்காக எழுதிய எல்லை விதிகளுக்குள் சைக்கிள் புகுந்துவிட்டது. அடுத்த ஆண்டு சாவடி அருகே சுமார் 200 மீட்டர் நீளத்துக்கு ஒரு வேலி வந்தது. 196 கிலோமீட்டர் எல்லைக்கு 200 மீட்டர் வேலி!

2014இல் கிரிமியா, 2022இல் உக்ரைன். இரண்டும் ஓஸ்லோவில் பழைய நினைவுகளைக் கிளறின. 2021இல் அமெரிக்காவுடன் கையெழுத்தான புதிய ஒப்பந்தம் ரிக்கே, சோலா, ஏவெனெஸ், ராம்சுண்ட் ஆகிய நான்கு இடங்களில் அமெரிக்கர்கள் வசதிகளைக் கட்டிக்கொள்ள வழி செய்தது. 1949 வாக்குறுதி மாறவில்லை என்று அரசு சொன்னது. எதிர்த்தவர்கள், கதவு பூட்டியிருக்கிறது, ஆனால் நான்கு ஜன்னல்கள் திறந்திருக்கின்றன என்கிற பாணியில் வாதாடினார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. 2023இல் ஃபின்லாந்தும் 2024இல் ஸ்வீடனும் நேட்டோவில் சேர்ந்தன. 1949இல் பிரிந்த சகோதரர்கள் 75 வருடம் கழித்து ஒரே கூரைக்குக் கீழே வந்தார்கள். 2024 ஜூனில் நாடாளுமன்றக் கட்சிகள் எல்லாம் ஒருமனதாக ஏற்ற நீண்டகாலத் திட்டப்படி, ஃபின்மார்க்குக்கென்றே ஒரு தனிப் படைப்பிரிவு 2025இல் தொடங்கப்பட்டது. லிங்கனுக்குக் கிழக்கே இருப்பவர்களும் பாதுகாக்கப்பட வேண்டியவர்கள் என்று ஓஸ்லோ ஒப்புக்கொள்ள எண்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

கிர்கெனெஸ் ஊரில் 1952இல் திறந்த செஞ்சேனை வீரர் சிலை ஒன்று இருக்கிறது. சோவியத்தை நேட்டோ எதிரியாகப் பார்த்த அத்தனை வருடங்களிலும் அந்த ஊர் மக்கள் சிலையைப் பராமரித்தார்கள். 2019இல் விடுதலையின் 75ஆம் ஆண்டு விழாவுக்கு அரசர் ஹரால்டும் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவும் ஒன்றாக அந்த ஊருக்கு வந்தார்கள். 2023 அக்டோபரில் அதே சிலையின் காலடியில் ரஷ்யத் துணைத் தூதரகத்தின் மலர்வளையம் மேலே இருக்க வேண்டுமா, நகராட்சியின் மலர்வளையம் மேலே இருக்க வேண்டுமா என்று தகராறு வந்து, உலகப் பத்திரிகைகளில் செய்தியானது. சிலையை எடுத்துவிட வேண்டும் என்று ஊரில் பெரிதாக யாரும் கேட்கவில்லை. எல்லை ஆணையர்களுக்கு இடையிலான அலுவல் தொடர்பும், பேரன்ட்ஸ் கடல் மீன்பிடி அளவைப் பற்றிய பேச்சும் 2022க்குப் பிறகும் அறுபடவில்லை. பாஸ்விக் நதியின் இரு கரைகளிலும் காவல் கோபுரங்கள் நிற்கின்றன. நதியில் ஏழு மின்நிலையங்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன.